பலகையைத் திருப்பி வையுங்கள்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் ஊர்ப் பழமொழி. இப்போது அந்தச் சுரைக்காய் ஏட்டில்கூட இல்லை. ஆளவந்தார்களின் அறைச் சுவரில், கண்ணாடித் திரையில் காய்த்துத் தொங்குகிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்டங்கள். ஏறி இறங்கும் கோடுகள். ஓயாமல் மாறும் எண்கள். இத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு பார்த்தாயிற்று, இத்தனை பேருக்குச் சர்க்கரை பார்த்தாயிற்று, இத்தனை கர்ப்பிணிகளைப் பதிந்தாயிற்று என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டு என்று அதற்குப் பெயர். நாம் தகவல் பலகை என்று சொல்லிக்கொள்வோம்.

இது வெறும் பலகை அல்லவாம். கேட்டால் பதில் சொல்லும் பலகையாம். மாநிலத்தை விரலால் தொட்டால் மாவட்டம் விரியும். மாவட்டத்தைத் தொட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் தெரியும். போன மாதம் எப்படி, இந்த மாதம் எப்படி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எப்படிக் கேட்டாலும் பிரித்துக் காட்டும். கெட்டிக்காரப் பலகைதான், மறுக்கவில்லை.

ஆனால் யார் கேட்டால் பதில் சொல்லும்? செயலாளர் கேட்டால் சொல்லும். ஆணையர் கேட்டால் சொல்லும். தவாகானா வாசலில் கேஸ் பேப்பருக்காக விடிந்ததும் வரிசையில் நிற்கும் நம் தாய்மார்கள் கேட்டால் சொல்லுமா? “இந்த மாதம் எத்தனை நாள் பிரஷர் மாத்திரை இல்லை? எத்தனை நாள் டாக்டர் வரவில்லை?” என்று கேட்டால் சொல்லுமா? சொல்லாது. ஏனென்றால் அந்தப் பலகை அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பலகையைத் திருப்பி வையுங்கள் என்பதே நமது கோரிக்கை.

எண்ணுக்கு நாம் எதிரியல்ல

கணக்கு என்றாலே ஏமாற்று, கணினி என்றாலே ஆட்குறைப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பவர்கள் அல்ல நாம். எண்ணிப் பார்க்காத நோயை எந்த அரசும் கவனிக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு, 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய், அதாவது பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள். எண்ணாமல் இருந்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

ரத்தக் கொதிப்பு வலிக்காத நோய். மாத்திரையை நிறுத்தினாலும் மறுநாள் எதுவும் ஆகாது. மூட்டை தூக்குகிறவர் மூட்டை தூக்குவார். இட்லி விற்கிறவர் இட்லி விற்பார். ஒரு நாள் திடீரென்று வாய் கோணும், கை விழும். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் அடுப்பு எப்படி எரியும்? எனவே யார் மாத்திரை வாங்க வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு கண் தேவை. அந்தக் கண்ணாக ஒரு தகவல் பலகை இருக்க முடியும். இருந்தும் காட்டியிருக்கிறது.

2017-இல் இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி என்று ஒன்று தொடங்கினார்கள். பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராட்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் சில மாவட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். ‘சிம்பிள்’ என்ற கைப்பேசிச் செயலி பல இடங்களில் பயன்பட்டது. நோயாளியின் அட்டையைக் காட்டியதும் அவர் கணக்கு திறக்கும். நர்சம்மா அன்றைய அளவையும் மருந்தையும் பதிவார். வர வேண்டிய தேதியில் வராதவர்களின் பட்டியலைச் செயலியே எடுத்துக் கொடுக்கும்; அவர்களுக்குப் போன் போட்டு, “ஏன் வரவில்லை?” என்று விசாரிக்க வேண்டும். இந்த நிலையத்தில் எத்தனை பேருக்கு 140-க்கு 90-க்குக் கீழே இறங்கியிருக்கிறது, எத்தனை பேருக்கு இறங்கவில்லை, எத்தனை பேர் மூன்று மாதமாக வரவேயில்லை என்று பலகை காட்டும். 2022-இல் இந்தத் திட்டம் 23 மாநிலங்களில் 130-க்கு மேற்பட்ட மாவட்டங்களில் நடந்தது. 34 லட்சம் பேருக்கு மேல் சிகிச்சையில் இருந்தார்கள். அந்த ஆண்டு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

இதை நாம் வரவேற்கிறோம். இந்தப் பலகையில் ஒரு நேர்மை இருக்கிறது. வந்தவரை மட்டும் அல்ல, வராதவரையும் அது எண்ணுகிறது.

மூன்று கணக்கு

வராதவரை எண்ணுவது என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தவாகானாவில் ஆயிரம் ரத்தக் கொதிப்புக்காரர்கள் பதிவாகியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று மாதத்தில் 400 பேர் வந்தார்கள். அவர்களில் 300 பேருக்கு அளவு கட்டுக்குள் இருக்கிறது. அதிகாரி எழுதுவார்: 400-இல் 300, நூற்றுக்கு எழுபத்தைந்து. பச்சை விளக்கு! பாராட்டுப் பத்திரம்!

இரண்டாம் கணக்கு. பதிவானவர் ஆயிரம் அல்லவா? ஆயிரத்தில் 300 என்றால் நூற்றுக்கு முப்பது. சிவப்பு விளக்கு!

மூன்றாம் கணக்கு. அந்தத் தவாகானாவைச் சுற்றி வயது வந்தவர்கள் முப்பதாயிரம் பேர் குடியிருக்கிறார்கள் என்றால், நூற்றுக்கு முப்பத்தைந்து என்ற கணக்கில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருக்க வேண்டும். பதிவானவர் ஆயிரம், குணம் கண்டவர் 300. ஆக, நூற்றுக்கு மூன்று!

அதே மருந்து, அதே டாக்டர், அதே 300 பேர். எழுபத்தைந்தும் உண்மை, முப்பதும் உண்மை, மூன்றும் உண்மை. எந்த எண்ணைப் பலகையில் ஏற்றுவது என்று முடிவு செய்கிறவன் கையில்தான் சாவி இருக்கிறது. அது அரசியல் முடிவு. கணினி எடுத்த முடிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணினிக்கு வாக்குச்சீட்டும் இல்லை, வயிற்றுவலியும் இல்லை.

மேலே பார்க்கும் பலகை பொய் பழகும்

ரயில்வேயில் கணக்கு எழுதியே காலம் தள்ளுகிற நமக்கு இது புதிய சங்கதி அல்ல. ஒரு வண்டி நேரத்துக்கு வந்ததா என்பதை ரயில்வே எப்படிக் கணக்கிடுகிறது? கடைசி நிலையத்தில் பார்க்கிறது. மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகள் கடைசி நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம் வரை தாமதமாக வந்தாலும் நேரத்தோடு வந்ததாகவே கணக்கு. அதனால்தான் கடைசி நிலையத்துக்கு முன்னால் அட்டவணையில் தாராளமாக நேரம் ஒதுக்கப்படுகிறது. வழியில் ஒரு மணி நேரம் வெயிலில் காத்துக்கிடந்த பயணி இந்தக் கணக்கில் இல்லை. வழி நிலையங்களில் நேரந்தவறாமை அளக்கப்படுவதில்லை என்பதைத் தணிக்கைத் துறையும் 2021ஆம் ஆண்டின் அறிக்கையொன்றில் சுட்டிக்காட்டியது. 2018-இல் கையால் நேரம் எழுதுவதை விட்டுவிட்டு, சிக்னலிலிருந்து தானாகவே நேரத்தைப் பதியும் டேட்டா லாகர் கருவியை நம்பத் தொடங்கியபோது காகிதத்தில் இருந்த நேரந்தவறாமை மளமளவென்று சரிந்தது. வண்டி அதே வண்டிதான். எழுதுகிற கை மாறியது, அவ்வளவே.

எழுதியவர்கள் எல்லோரும் யோக்கியமற்றவர்களா? இல்லை. எண் குறைந்தால் மெமோ, எண் கூடினால் சபாஷ் என்று ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அந்த எண்ணை எழுதும் வேலையையும் அதே ஊழியனிடம் கொடுத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

மருத்துவமும் இதற்கு விலக்கல்ல. இங்கிலாந்தில் 2004-இல் குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு புதிய ஊதிய முறையைக் கொண்டுவந்தார்கள். இன்னின்ன நோய்க்கு இன்னின்னதைச் செய்து கணினியில் பதிந்தால் இத்தனை புள்ளி, இத்தனை காசு. முதலில் சர்க்கரை நோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் கவனிப்பு வேகமாக உயர்ந்தது. 2009-இல் வெளிவந்த ஆய்வு என்ன சொன்னது? இலக்கை எட்டியதும் முன்னேற்றத்தின் வேகம் தணிந்தது. ஆஸ்துமாவிலும் இருதய நோயிலும் புள்ளி கிடைக்காத வேலைகளின் தரம் சரிந்தது. நோயாளிக்கு அதே டாக்டரைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பும் குறைந்தது. படிப்பும் பணமும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி!

அளவு 140 என்ற கோட்டைத் தாண்டினால் நிலையத்துக்குக் கெட்ட பெயர் என்றால், 142 என்று காட்டும் கருவியைப் பார்த்து 138 என்று எழுதத் தூண்டும் சோதனை எந்த ஊழியருக்கும் வரும். வேலையும் பதவி உயர்வும் அந்த எண்ணில் தொங்கும்போது அது மனித இயல்பு. அதைத் தடுக்க இன்னொரு மேலதிகாரியை வைத்துப் பயனில்லை. அவருக்கும் மேலே ஒரு பலகை இருக்கிறது. அந்த எண் யாருடைய உடம்பிலிருந்து எடுக்கப்பட்டதோ அவர் கண் முன்னால் அது தொங்க வேண்டும். பொய்யைக் கண்டுபிடிக்க அவரைவிடச் சிறந்த தணிக்கையாளர் யார்? “மருந்து இருப்பு நூற்றுக்கு நூறு” என்று வாசலில் எழுதியிருக்கும்போது வெறுங்கையோடு திரும்பும் ஒரு கிழவி போதும், அந்தப் பொய்யை உடைக்க.

சாட்டையாகும் திரை

பலகை மேலே மட்டும் பார்க்கும்போது இன்னொரு கொடுமையும் நடக்கிறது. அது கீழே உள்ள ஊழியரின் முதுகில் சாட்டையாக விழுகிறது. 2021-இல் அரியானாவில் ஆஷா ஊழியர்கள் தங்கள் கைப்பேசியில் ஏற்றப்பட்ட கண்காணிப்புச் செயலியை எதிர்த்துப் போராடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்த மகாராட்டிர மண்ணில் அங்கன்வாடிச் சகோதரிகள் அரசு கொடுத்த கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழுதான பேசி, போதாத நினைவகம், அதற்கும் மேலாக, பதிவு செய்ய வேண்டிய ‘போஷன் டிராக்கர்’ செயலி ஆங்கிலத்தில்! மராத்தியில் படித்த தாய்மார்களிடம் ஆங்கிலத்தில் கேட்டால், குழந்தையை எடை போடுவதா, அகராதியைத் தேடுவதா? மொழி தெரியாமல் தவிப்பது எப்படியிருக்கும் என்று புலம்பெயர்ந்த தமிழர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மராத்திச் சகோதரியின் அந்தக் கோரிக்கை நம் கோரிக்கையும்தான்.

பகலெல்லாம் படியேறி இறங்கி வேலை செய்த பெண், இரவில் உட்கார்ந்து முதலில் பதிவேட்டிலும் பிறகு செயலியிலும் அதே எண்ணை இரண்டு முறை எழுதுவது என்ன நியாயம்? அந்த எண் மேலே போகிறது. மேலேயிருந்து திரும்பி வருவது என்ன? பாராட்டா, மருந்தா, கூடுதல் ஆளா? “உன் நிலையம் ஏன் சிவப்பு?” என்ற அதட்டல் மட்டுமே என்றால், அதற்குத் தரம் உயர்த்துதல் என்று பெயர் சூட்டலாகாது. வேலை வாங்குதல் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

மருத்துவ ஊழியர்களுக்கு அவர்கள் வேலையைப் பற்றிய எண்ணைத் திருப்பிக் காட்டினால் பயன் உண்டா என்று உலகெங்கும் நடந்த 140 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் காக்ரேன் அமைப்பு ஒரு முடிவு வெளியிட்டது. பயன் உண்டு, ஆனால் பெரும்பாலும் சிறியது. நடுவான கணக்கில் நூற்றுக்கு நான்கு சொச்சம். எப்போது பயன் கூடுகிறது? சொல்பவர் கூட வேலை செய்பவராகவோ மேற்பார்வையாளராகவோ இருக்கும்போது. ஒரு தடவையோடு விட்டுவிடாமல் மீண்டும் மீண்டும் சொல்லும்போது. எழுத்திலும் வாய்வார்த்தையிலும் சொல்லும்போது. எட்ட வேண்டிய இலக்கும் அதற்கான வழியும் சேர்ந்து வரும்போது. வெறும் திரையைத் தொங்கவிட்டால் போதும் என்று அந்த 140 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்லவில்லை. உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறார்கள். தொழிற்சங்கத்தில் இதை நாம் என்றைக்கோ கற்றிருக்கிறோம். நோட்டீசு ஒட்டினால் மட்டும் சங்கம் வளராது. வாயிற்கூட்டம் போட வேண்டும்.

நமக்கென்று ஒரு கட்டம் இல்லை

இனி நம் கதைக்கு வருவோம். தாராவியிலும் மற்றத் தமிழர் பேட்டைகளிலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனை! தோல் பதனிட வந்தவர்கள், மூட்டை சுமக்க வந்தவர்கள், இட்லி அவித்து விற்க வந்தவர்கள். மூன்று தலைமுறை ஆன பிறகும் ஊரை விட்டோமா? கோடை வந்தால் கோயில் கொடைக்குப் போகிறோம். கர்ப்பிணிப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். வயதானவர்கள் அங்கே ஆறு மாதம், இங்கே ஆறு மாதம் என்று இருக்கிறார்கள்.

தகவல் பலகையில் இவர்கள் என்ன ஆகிறார்கள்? மும்பைப் பதிவேட்டில் ஏழாம் மாதம் வரை பரிசோதனைக்கு வந்த பெண், எட்டாம் மாதம் ஊருக்குப் போனால் இங்கே அவள் விடுபட்டவள். அங்கே தாமதமாகப் பதிந்தவள். இரண்டு பலகையிலும் சிவப்பு! ஆனால் அவளுக்கு எந்த ஊரில் என்ன ஊசி போட்டார்கள், ரத்தம் எவ்வளவு இருந்தது என்று இந்தப் பலகை அந்தப் பலகைக்குச் சொல்ல வேண்டாமா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கிறார்கள். ஊருக்குப் போன பெரியவர் அங்கே ஒழுங்காக மாத்திரை வாங்கித் தின்றாலும், இங்கே மூன்று மாதம் வராதவர் கணக்கில்தான் நிற்பார். 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆளுக்குப் பதினான்கு இலக்க எண் கொடுத்து, நாடு முழுவதும் உங்கள் மருத்துவக் கணக்கு கூடவே வரும் என்றார்கள். எண் வந்துவிட்டது. கணக்கு வந்ததா? உங்கள் தெருவில் ஊருக்குப் போய்த் திரும்பிய யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

மொழிக்கும் ஒரு கட்டம் வேண்டும். மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் சொன்னார்களா என்பது மருத்துவத் தரம் இல்லையா? காலையில் சாப்பாட்டுக்குப் பின் என்பதை வெறும் வயிற்றில் என்று புரிந்துகொண்டு திரும்பும் பாட்டிக்கு எந்த நிறத்தில் வட்டம் போடுவீர்கள்? நேரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். பகல் கூலிக்காரன் தவாகானா வருவதென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மூன்று மாதமாக வராதவர்களில் எத்தனை பேர் பகல் வேலைக்காரர்கள் என்று பலகையைக் கேட்டால், மாலையில் திறக்க வேண்டிய தவாகானா எது என்று அது சொல்லிவிடும். கேட்டால் பதில் சொல்லும் பலகையாயிற்றே! கேட்க ஆள் இல்லை; அதுதான் குறை.

திரும்பி நின்ற பலகைகள் உண்டு

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு இரண்டு சாட்சிகள் சொல்கிறோம்.

முதல் சாட்சி தாராவியே. 2020 ஏப்ரல் 1-இல் அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான இடத்தில் லட்சக்கணக்கான மக்கள். அன்று மாநகராட்சி தாராவிக்கென்று தனியாகத் தினந்தோறும் எண் வெளியிட்டது. எத்தனை புதிய நோயாளிகள், எத்தனை பேர் குணமடைந்தார்கள் என்று டீக்கடை வரைக்கும் தெரிந்தது. தெருவில் காய்ச்சல் முகாம்கள். பேட்டையின் தனியார் டாக்டர்கள் கவச உடையோடு இறங்கினார்கள். இளைஞர்கள் தொண்டு செய்தார்கள். ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனமே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டியது. எண் மக்களிடம் இருந்தது. மக்கள் அதை வைத்து வேலை செய்தார்கள்.

அன்று மட்டும் எண்ணை வாசலுக்குக் கொண்டுவர மனம் எப்படி வந்தது? தொற்றுநோய் குடிசையைத் தாண்டி மாடிக்கும் ஏறும் என்ற பயம்! ரத்தக் கொதிப்பு தொற்றாது. சர்க்கரை தொற்றாது. சேரிக்காரன் பக்கவாதம் வந்து படுத்தால் மலபார் ஹில்லுக்குக் காய்ச்சல் வராது. ஆகவே அந்த எண்ணுக்கு அவசரமில்லை! மாடியில் உள்ளவன் பயந்தால்தான் சேரியின் எண் வெளியே வரும் என்றால், அந்த நியாயத்தை நாம் ஏற்க மாட்டோம்.

இரண்டாம் சாட்சி இதே மகாராட்டிரத்தின் கிராமங்கள். தேசிய ஊரகச் சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007-இல் ஒன்பது மாநிலங்களில் மக்களே சுகாதார சேவையைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் தமிழ்நாடும் உண்டு, மகாராட்டிரமும் உண்டு. இங்கே புணே, தாணே, அமராவதி, நந்துர்பார், அன்றைய உஸ்மானாபாத் ஆகிய ஐந்து மாவட்டங்களில் தொடங்கினார்கள். நர்சம்மா வருகிறாரா, தடுப்பூசி போடுகிறார்களா, மருந்து இருக்கிறதா, காசு கேட்கிறார்களா என்று ஊர்க் குழுவே விசாரித்து ஒரு அட்டை தயாரிக்கும். நன்றாக இருந்தால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. பிறகு ஜன் சுன்வாயி என்ற மக்கள் விசாரணை. அதிகாரிகள் மக்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். கணினி இல்லை, கண்ணாடித் திரை இல்லை. காகிதமும் வண்ணமும் போதுமாயின. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியுமல்லவா? அதுதான் உண்மையான தகவல் பலகை.

சாக்குப் போக்குகள்

“மக்களுக்கு எண் புரியாது” என்பார்கள். ரேஷன் கடையில் அரிசி எடை குறைந்தால் புரிகிற மக்களுக்கு, பிளாட்பாரத்தில் இண்டிகேட்டரைப் பார்த்து ஸ்லோ எது, பாஸ்ட் எது என்று ஓடுகிற மக்களுக்கு, மருந்து இல்லாத நாள் எத்தனை என்பது புரியாதா?

“நோயாளியின் ரகசியம் என்ன ஆவது?” என்பார்கள். இது நியாயமான கேள்வி. இதை நாமே முதலில் கேட்கிறோம். பெயர்ப் பட்டியல் என்றால் என்னவென்று மும்பைத் தமிழனுக்குத் தெரியும். 1960-களில் ‘மார்மிக்’ இதழ் தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியலாக அச்சிட்டு வெறுப்பை வளர்த்ததை நம் பெரியவர்கள் மறந்துவிடவில்லை. ஆகவே பெயர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம், சாதி வேண்டாம். காசநோய் போன்றவற்றில் ஒரு சந்தில் ஒருவர் இருவர் என்றிருந்தால் அந்த எண்ணும் வேண்டாம். நோயாளியின் கணக்கு அலமாரிக்குள் பூட்டியிருக்கட்டும். நாம் கேட்பது தவாகானாவின் கணக்கு. நோயாளியின் ரகசியத்தைக் காட்டித் தவாகானாவின் குறையை மறைக்கப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

“ஊழியர்களுக்கு அவமானம்” என்பார்கள். மருந்து வராதது நர்சம்மாவின் குற்றமா? டாக்டர் பணியிடம் காலியாக இருப்பது கம்பவுண்டரின் குற்றமா? பலகை வாசலில் தொங்கினால்தான் அது தெரியும். “எத்தனை பணியிடம், எத்தனை காலி” என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். மக்களின் கோபம் எங்கே போக வேண்டுமோ அங்கே போகும்.

“சட்டத்தில் இடமில்லை” என்று யாராவது சொன்னால் சட்டத்தையே எடுத்துக் காட்டுவோம். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, யாரும் மனுப் போடாமலே அரசு அலுவலகங்கள் தகவலைத் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. அதுவும் அந்தப் பகுதியின் மொழியைக் கருத்தில் கொண்டு வெளியிட வேண்டும் என்கிறது. எந்த எந்த வழிகளில் என்று சொல்லும்போது அறிவிப்புப் பலகையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? 1978-லேயே அல்மா-ஆட்டா மாநாட்டில், தங்கள் மருத்துவ சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று உலக நாடுகள் பிரகடனம் செய்தன. கணக்கைக் காட்டாமல் பங்கேற்க வா என்று அழைப்பது, இலையைப் போடாமல் பந்திக்கு அழைப்பதற்குச் சமம்.

நாம் கேட்பவை

ஒன்று: ஒவ்வொரு தவாகானாவின் வாசலிலும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் மாதந்தோறும் எண் எழுதிய பலகை தொங்க வேண்டும். திரை இல்லாவிட்டால் கரும்பலகை போதும்.

இரண்டு: வந்தவரில் எத்தனை என்ற கணக்கோடு நிறுத்தாமல், பதிவானவரில் எத்தனை, பேட்டையில் இருக்க வேண்டியவரில் எத்தனை என்ற மூன்று கணக்கையும் எழுத வேண்டும்.

மூன்று: மருந்து இல்லாத நாட்கள், டாக்டர் இல்லாத நாட்கள், காலிப் பணியிடங்கள், சராசரியாக வரிசையில் நின்ற நேரம் ஆகிய நான்கும் பலகையில் இடம்பெற வேண்டும். நம்மைப் பற்றிய எண் மட்டும் போதாது. அவர்களைப் பற்றிய எண்ணும் வேண்டும்.

நான்கு: மராத்தியோடு அந்தந்தப் பேட்டை மக்கள் பேசும் மொழியிலும் எழுத வேண்டும். தமிழர் நிறைந்த இடத்தில் தமிழ். உருது, இந்தி, தெலுங்கு பேசுவோர் நிறைந்த இடத்தில் அவர்கள் மொழி.

ஐந்து: ஊருக்குப் போனவர் என்று தனிக் கட்டம் வேண்டும். இங்கே பெற்ற சிகிச்சைச் சீட்டு அங்கே செல்ல வேண்டும். அங்கே பெற்றது இங்கே கணக்கில் ஏற வேண்டும்.

ஆறு: பலகையின் எண்ணைக் காட்டி எந்த ஆஷா ஊழியரையும், எந்த நர்சம்மாவையும் தண்டிக்கலாகாது. ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுத வைக்கலாகாது.

ஏழு: மூன்று மாதத்துக்கு ஒரு முறை பலகையின் முன்னால் கூட்டம் நடக்க வேண்டும். டாக்டரும் ஊழியரும் மக்களும் உட்கார்ந்து, எது சிவப்பு, ஏன் சிவப்பு, யார் எதை எந்தத் தேதிக்குள் சரி செய்வது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய பணமோ தேவையில்லை. எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2008-லிருந்து மத்திய அரசின் சுகாதாரத் தகவல் அமைப்புக்கு நிலையங்களிலிருந்து மாதந்தோறும் கணக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இன்று அப்படி அனுப்பும் நிலையங்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். மேலே ஏறுகிற எண்ணைக் கீழேயும் இறக்குங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

தோழர்களே, தாய்மார்களே! கோரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் பலகை தானாகத் திரும்பாது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புறச் சுகாதாரத் திட்டத்தில், குடிசைப் பகுதியில் ஐம்பது முதல் நூறு குடும்பங்களுக்கு ஒரு மகளிர் ஆரோக்கியக் குழு அமைய வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் சந்தில் அந்தக் குழு இருக்கிறதா? இருந்தால் அதில் நம் பெண்கள் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று வார்டு அலுவலகத்தில் கேட்க வேண்டும். அதுவரை நாமே ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நாளை, தேதியோடும் மருந்தின் பெயரோடும் நம் சங்கத்தில் பதிந்து வைப்போம். பெயர் வேண்டாம், தேதி போதும். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் அதை அவர்கள் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்வோம். ஆஷா, அங்கன்வாடிச் சகோதரிகளின் போராட்டம் எங்கே நடந்தாலும் நம் கொடியும் அங்கே நிற்கட்டும்.

நம் உடம்பிலிருந்து எடுத்த எண் நமக்குச் சொந்தம். நம் வரிப்பணத்தில் செய்த பலகை நமக்குச் சொந்தம். அது பார்க்க வேண்டிய திசை நாம் நிற்கும் திசை.

பலகையைத் திருப்பி வையுங்கள். இல்லையேல் மக்கள் திருப்பி வைப்பார்கள்!